எங்கள் ஊர் பைப் பாண்டும் நான் வெட்டிய படமும்

2004ஆம் ஆண்டு, பனி உருகத் தொடங்கியிருந்த நேரம். ஒஸ்லோவில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் ஊர்ச் சங்கம் ஆண்டுவிழாவுக்கு ஒரு மலர் வெளியிடுகிறது, அதில் ஊர் பைப் பாண்டின் வரலாற்றை நீர்தான் எழுத வேண்டும் என்று சங்கத் தலைவர் தொலைபேசியில் சொன்னார். கணினியில் தமிழ் தட்டத் தெரியும், அதுதான் என் தகுதி. வாயும் கொஞ்சம் நீளம். ஒரு கமாவுக்காகக்கூடச் சண்டை பிடிப்பேன் என்று வீட்டில் சொல்வார்கள்.

யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே ஸ்கொட்லாந்துக்காரர் தோல்பையை அணைத்து ஊதும் பைப் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்த எங்கள் ஊரவர் ஒருவர், ஓய்வு பெற்று வரும்போது வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். பிறகு கொழும்பிலிருந்து இன்னும் இரண்டு வந்தன. வாசிகசாலைப் பெடியள் வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டியுமாக அணிவகுத்தார்கள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்றாலும் கோயில் திருவிழா என்றாலும் அவர்கள்தான் முன்னுக்கு. இது ஊரே சொல்லும் கதை.

ஊர் சொல்லாத கதை என்னோடு வேலை செய்த ஒரு பெண்ணிடம் இருந்தது. ஒஸ்லோவிலேயே ஹவுகெட்டோப் பக்கம் இருந்தாள். எங்கள் ஊர்தான், ஆனால் கடைசி ஒழுங்கைக்காரர். ஊரில் அவர்கள் எங்கள் படலை தாண்டி வந்ததில்லை, நாங்கள் அவர்கள் வீட்டில் தண்ணீர் குடித்ததில்லை. சாதிதான், வேறென்ன? ஒஸ்லோவிலோ இருவரும் ஒரே மேசையில் இருந்து கறியை மாற்றிச் சாப்பிட்டோம். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. நான் எவ்வளவு நல்ல மனுசி பாருங்கள் என்கிற மாதிரி.

அவளுடைய தகப்பன் பறைக்குத் தோல் கட்டுகிறவர். முதல் மாரியிலேயே துரையின் பைப்பில் பை கிழிந்துபோக, ஆட்டுத்தோலில் புதுப்பை தைத்துக் கொடுத்தவர் அவர். காற்று நிற்கிறதா என்று ஊதிப் பார்க்கப்போய், வாசிக்கவும் தானே பிடித்துக்கொண்டார். பெடியளுக்குப் பழக்கியதும் அவர்தான். விளையாட்டு மைதானத்தில் அவரும் வரிசையில் நின்று வாசிப்பார். கோயில் வீதி திரும்பும் இடம் வந்ததும் பைப்பை வாங்கி இன்னொருவர் தோளில் போட்டுவிடுவார்களாம். அவர் பனைகளுக்கு அங்கால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாராம். கேட்க எனக்குக் கொதித்தது. "நாசமாப் போவாங்கள்!" என்று சமையலறையே திரும்பிப் பார்க்கத் திட்டினேன்.

அடுத்த கிழமை அவள் ஒரு படத்தைக் கொண்டுவந்தாள். எட்டுப் பேர் நிற்கும் பாண்ட் படம். வலது ஓரத்தில் அவளுடைய அப்பா, பக்கத்துப் பெடியனின் பையை ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடி நின்றார். எத்தனையோ இடப்பெயர்வு தாண்டி வந்த படம்.

"அப்பான்ர படமெண்டு இது ஒண்டுதான் அக்கா இருக்கு. புத்தகத்திலை அவற்ற பேரும் வந்தா, என்ர பிள்ளை வாசிப்பாள். இஞ்சை பள்ளிக்கூட கோர்ப்ஸிலை கிளாரினெட் வாசிக்கிறாள். தன்ர அம்மப்பாவும் பாண்டிலை வாசிச்சவர் எண்டு ரீச்சருக்கெல்லாம் சொல்லிப்போட்டாள்."

கோர்ப்ஸ் என்றால் நோர்வேயின் தேசிய நாளான மே பதினேழாம் திகதி ஊர்வலத்தில் வாசித்துக்கொண்டு போகும் பள்ளிக்கூட பாண்ட். பிள்ளைக்குப் பதினொரு வயது.

"கட்டாயம் வரும். அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லில்லெஸ்ட்ரோமில் தலைவர் வீட்டில் மலர்க்குழு கூடியது. நான் எழுதியதைத் தலைவர் கண்ணாடியை இறக்கி இறக்கி வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கிறீர் தங்கச்சி. இந்த ஒரு பந்தி மட்டும் வேண்டாம்."

"ஏன் அண்ணை?"

"தோல் தைச்சுக் குடுத்தவர், ஓம். அதுக்காகப் பாண்ட் ஆளெண்டு போடேலுமே? சனம் கதைக்கும். கனபேர் விழாவுக்கும் வராமல் விட்டிடுவினம்."

"படத்திலையும் ஓரத்திலைதானே நிக்கிறார்" என்றார் பொருளாளர். "வெட்டிவிட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

சாதி என்ற சொல் அந்த வீட்டில் ஒருவர் வாயிலும் வரவில்லை. தேத்தண்ணியும் பற்றீஸும் வந்தன. கமாவுக்குச் சண்டை பிடிக்கிற நான் வாயைத் திறந்தேன், பற்றீஸை வைத்து மூடிக்கொண்டேன். அந்த நேரம் என் தம்பிக்குத் தலைவரின் உறவில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். அதுவும் மனதில் ஓடியது. இப்போது ஏன் பொய் சொல்ல?

வீட்டுக்கு வந்து அந்தப் பந்தியை அழித்தேன். கணினியில் படத்தின் ஓரத்தை வெட்டினேன். இரண்டும் சேர்த்து ஒரு நிமிடம் பிடித்திருக்காது. மறுநாள் படத்தைப் பத்திரமாக அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"எப்பிடி வந்திருக்கு அக்கா?"

"வடிவா வந்திருக்கு."

எவ்வளவு இலேசாக வந்தது அந்தப் பொய்!

விழா ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வாசலில் மலர் கொடுக்கும் வேலை எனக்கு. அவள் வரமாட்டாள் என்று ஏனோ நம்பிக்கொண்டிருந்தேன். பட்டுச்சேலை கட்டி, மகளைக் கையில் பிடித்தபடி முதல் ஆட்களிலேயே வந்து நின்றாள். மகள் கோர்ப்ஸ் உடுப்பில் வந்திருந்தாள். அம்மப்பாவுக்காக அதைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்தாளாம். என் கையால்தான் மலரைக் கொடுத்தேன். பிள்ளை நின்ற இடத்திலேயே பக்கங்களைப் புரட்டிப் படத்தைக் கண்டுபிடித்தாள்.

"அம்மா, இதிலை அம்மப்பா எங்கை?"

தாய் குனிந்து பார்த்தாள். ஏழு பேர் நின்றார்கள். பிள்ளை ஓரத்தில் விரலை வைத்தாள்.

"இது ஆற்ற கை?"

ஆளை வெட்டிய நான் கையைக் கவனிக்கவில்லை. கடைசிப் பெடியனின் பைக்குக் கீழே மூன்று விரல்கள் மிஞ்சியிருந்தன.

"அது அம்மப்பான்ர கை" என்றாள் தாய். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீங்களோ அக்கா வெட்டினது?"

"அவையள்தான் சொல்லிச்சினம்."

"ஆர் சொன்னதெண்டு நான் கேக்கேல்லை."

அழுதிருந்தால், நாலு பேர் முன் என்னைக் கிழித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் மலரை மேசையில் வைத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள். பிள்ளை நோர்வே மொழியில், ஏன் வெட்டினவை, ஏன் வெட்டினவை என்று கேட்டபடியே போனாள். தாய் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. உள்ளே குத்துவிளக்கு ஏற்றினார்கள், நானும் போய்க் கை தட்டினேன்.

அதன்பிறகு வேலையிடத்தில் அவள் வேறு மேசைக்குப் போனாள். ஒருநாள் உடுப்பு மாற்றும் அறையில் மறித்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அக்கா" என்று அலுமாரியைப் பூட்டினாள். அந்த ‘அக்கா’வில் ஒன்றுமே இருக்கவில்லை. சில மாதங்களில் வேறு இடத்துக்கு வேலை மாறிப் போய்விட்டாள்.

தம்பியின் கல்யாணம் நல்லபடி நடந்தது. தலைவர்தான் முன்னின்று செய்தார். நான் எழுதிய வரலாற்றை இணையத்தில் இரண்டு மூன்று பேர் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இனி எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தேடினால் அதுதான் கிடைக்கும், என் பெயரோடு. அவளுடைய அப்பாவின் பெயரை இதிலும் நான் எழுதவில்லை. எழுதட்டுமா என்று அவளிடம் போய்க் கேட்க எனக்கு முகமில்லை. அந்த மனிதருக்கு ஊரில் நடந்த அநியாயத்துக்கு, நான் அப்போது பிறக்கவே இல்லை என்று சொல்லிவிடலாம், ஒஸ்லோவில் நடந்ததற்கு என்னத்தைச் சொல்ல?