நான் காப்பியடித்த ‘செட்’ நோட்டு

வாத்தியாராக இருந்துகொண்டே நான் காப்பியடித்தேன். அதுவும் பக்கத்து வகுப்பு வாத்தியாரிடமிருந்து. ஐம்பத்தெட்டாம் வருஷம், அரிமளத்துக்கு அருகே ஓர் உயர்நிலைப் பள்ளியில் நடந்தது இது.

அப்போதுதான் பி.ஏ., பி.டி. முடித்து ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். என்னைவிட இருபது வயது மூத்த ஆசிரியர் ஒருவர் மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு, வரை ஆங்கிலம் நடத்தினார். எஸ்.எஸ்.எல்.சி.யும் பயிற்சியும்தான் அவர் படிப்பு. நான்காம் பாரத்துக்கும் ஆங்கிலம் நடத்த வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. இன்ஸ்பெக்டர் நல்லவிதமாக ஒரு வரி எழுதிவிட்டால் தருவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார்.

அவரிடம் நீளமான நோட்டு ஒன்று உண்டு. அது முழுக்க ஒரே ஆங்கிலச் சொல், ‘செட்’. பம்பு செட், ரேடியோ செட், டீ செட் என்று தொடங்கும். பொழுது அடைவதற்கும் அதே சொல்தான். முறிந்த எலும்பைப் பொருத்துவது, அச்செழுத்துக் கோப்பது, கடிகாரத்தில் மணி திருத்தி வைப்பது என்று பக்கம் பக்கமாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் எதிரே யாரிடம் கேட்டது என்று பெயர் எழுதியிருப்பார். எலும்புக்குக் கம்பவுண்டர், எழுத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அடிப்பவர், பம்பு செட்டுக்கு எஞ்சின் மெக்கானிக்.

வரும் திங்கட்கிழமை எனக்கு முதல் இன்ஸ்பெக்ஷன்; என்ன நடத்துவது என்று தெரியவில்லை. பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வெள்ளிக்கிழமை அந்த நோட்டை வாங்கிப் போய், இரண்டே நாளில் முழுவதையும் எழுதிக்கொண்டேன். எதிரே இருந்த பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை இரண்டாம் பீரியடில் அத்தனையையும் நடத்தினேன். இன்ஸ்பெக்டர் கைதட்டாத குறை. அடுத்த பீரியட் அந்த மூத்த ஆசிரியருடையது. அவரும் அதையேதான் நடத்துவார் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் நிறுத்தியிருப்பேனா, தெரியாது.

இன்ஸ்பெக்டர் நடுவிலேயே மறித்தார். “என்ன சார், அந்த இளவட்டம் சொன்னதையே சொல்றீங்க? அவர்கிட்ட வாங்கிப் படிச்சீங்களாக்கும்?”

வகுப்பு சிரித்தது. தாழ்வாரத்தில் நின்ற என்னை மூத்த ஆசிரியர் சன்னல் வழியே ஒரு முறை பார்த்தார்.

“ஆமாங்க. நல்லாத்தான் சேர்த்து வச்சிருக்காரு” என்றார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, இன்ஸ்பெக்டர் தங்கியிருந்த திருமயம் பங்களாவுக்குப் போனேன். முகத்தில் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது பாதி முகம்தான் ஆகியிருந்தது. மீதியையும் சவரம் செய்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எங்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது? அந்தப் பிள்ளைங்க முன்னாடி சொல்லுங்க. நானும் வாரேன்.”

என் சைக்கிள் அவர் காரின் பின்னால் கட்டப்பட்டது. வகுப்பில் நின்று, நோட்டு யாருடையது என்று சொன்னேன். மூத்த ஆசிரியர் குனிந்து சாக்பீஸை உடைத்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் கடைசி பெஞ்சில் சிரமப்பட்டு உட்கார்ந்து, என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து, பாடத்தை முதலிலிருந்து நடத்தும்படி அவரிடம் சொன்னார்.

இந்த முறை ஒவ்வொரு பொருளோடும் அதைச் சொன்ன ஆளும் வந்தார். கம்பவுண்டர் கதைக்கு இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார். திடீரென்று ஆசிரியர் என்னை எழுப்பி, ‘செட்’ வைத்து ஒரு வாக்கியம் கேட்டார். எனக்கு ஒன்றும் வரவில்லை.

“பரவால்ல, ஒக்காருங்க தம்பி. பாத்து எழுதுனவுகளுக்கு இப்பிடித்தான் ஆகும்.”

பிள்ளைகளோடு சேர்ந்து நானும்தான் சிரித்தேன்.

என்னைப் பற்றி எழுதிய பாராட்டை இன்ஸ்பெக்டர் சிவப்பு மையால் அடித்து, மூத்த ஆசிரியரைப் பற்றி நல்லவிதமாக எழுதினார். வேலை நிரந்தரமாக எனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆனது. ஜூன் மாதம் மூத்த ஆசிரியருக்கு நான்காம் பாரம் கிடைத்தது. அந்த வாரமே அவர் நோட்டைக் கொண்டுவந்து கடைசிப் பக்கத்தை விரித்துக் காட்டினார். ‘செட் அவுட்’, பயணம் புறப்படுதல். அதற்கு அவர் எழுதியிருந்த வாக்கியம்: ‘விடியுமுன் அவர் சைக்கிளில் திருமயத்துக்குப் புறப்பட்டார்.’ எதிரே என் பெயர்.

இன்றும் பிறர் சொல்லித் தெரிந்துகொண்ட எதையாவது சொல்ல வாயெடுத்தால், முதலில் சொன்னவர் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருகிறேன். அந்த நோட்டின் கடைசி வரிக்கு நான் காட்டும் மரியாதை அது.