ஆஸ்பத்திரி வாசலில் இறங்குகிறவர்கள்

எங்கள் மினிபஸ்ஸில் மணி கிடையாது. இறங்குகிற இடத்தைப் பயணி வாய்விட்டுச் சொன்னால்தான் நிறுத்துவோம். ஹாங்காங்கில் இதற்கு யாரும் கூச்சப்பட்டதில்லை, மலையடியில் இருக்கும் மனநல ஆஸ்பத்திரி வாசலைத் தவிர. அங்கே போகிறவர்கள் அடுத்த நிறுத்தமான மீன் சந்தையைச் சொல்லி இறங்கி, வெயிலில் இருபது நிமிடம் திரும்பி நடப்பார்கள். நோயாளிக்காக மடியில் கொண்டுபோகும் சூப் ஃபிளாஸ்க் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதே தடத்தில் என்னோடு பதினாறு வருடமாக ஓட்டுகிறவர் பூன் சிக்வா. நல்ல மனிதர், வாய்தான் ஆகாது. ஃபிளாஸ்க்கைக் கண்டால் போதும், "என்னம்மா, சந்தைக்கு சூப்போட போறீங்க? மீனுக்குப் பசிக்குதாக்கும்!" என்பார். வண்டியே சிரிக்கும். ஸ்டாண்டில் அதைத் திரும்பச் சொல்லும்போது நானும் சிரிப்பேன். என் தம்பி அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் கிடந்ததை அவரிடம் மூச்சுவிட்டதில்லை.

அவர் மகள் லாய்ஷான் கனடாவில் படிப்பதாகச் சொல்லியிருந்தார். நம்பியிருந்தோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அவருடைய விடுப்பு நாளில், என் வண்டியில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். மடியில் ஃபிளாஸ்க்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"சும்மாதான்டா. மூணு மணிக்கு ஒரு ஆளைப் பாக்கணும்."

வாசல் நெருங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. நானே நிறுத்தியிருக்கலாம். இத்தனை வருடம் கேலி பேசிய வாய், இன்றைக்குத் தானே திறக்கட்டும் என்று ஒரு வன்மம். வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

சந்தையையும் அவரால் சொல்ல முடியவில்லை. ஃபிளாஸ்க்கோடு சந்தை என்றால் என்னவென்று வண்டி முழுக்கத் தெரியும். தெரியவைத்ததே அவர்தான். கடைசி ஸ்டாண்டு வரை வந்துவிட்டார்.

எல்லோரும் இறங்கியபின் சொன்னார்: "லாய்ஷான் அங்கதான்டா இருக்கா, மூணு வருஷமா. இன்னிக்கு டாக்டர் கூப்பிட்டிருந்தார். நான் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா அனுப்பிடுவாங்க. அவ காலையில இருந்து பையைக் கட்டி வச்சிருப்பா."

வரிசையில் நின்றவர்கள் திட்டத் திட்ட, அவரை மட்டும் வைத்து வண்டியைத் திருப்பி ஓட்டினேன். போய்ச் சேர்ந்தபோது மணி நாலை நெருங்கியிருந்தது. பை பிரித்துக் கிடந்தது. "எனக்கு யாரும் இல்ல, நான் இங்கயே இருந்துக்கறேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டாளாம். அப்பாவின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதன்பிறகு பூன் அண்ணன், யாரும் கேட்காமலே ஒவ்வொரு நடையிலும் அந்த வாசலில் நிறுத்துகிறார். "ஆஸ்பத்திரி! என் பொண்ணு இங்கதான் இருக்கா. இறங்கறவங்க தைரியமா இறங்குங்க!" ஃபிளாஸ்க் வைத்திருப்பவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். சந்தையில்தான் இறங்குகிறார்கள்.

நானும் அங்கே நிறுத்துகிறேன், வாயைத் திறக்காமல். தம்பி விஷயத்தை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.