வெறும் பக்கத்தின் இரைச்சல்

என் கணினியிலிருந்து பெரிய திரைக்குப் போகும் கம்பியில் ஒரு கறுப்பு உருண்டை மாட்டியிருக்கிறது. பேரீச்சம்பழம் அளவு. நகத்தால் நெம்பினால் டக்கென்று இரண்டாகத் திறக்கும். உள்ளே சாம்பல் நிறத்தில் வழவழப்பான ஒரு கட்டி. கம்பியிலிருந்து கசிந்து வானொலிகளைக் குழப்பும் இரைச்சலை விழுங்குவது அதன் வேலை. வீட்டுக்கு வருகிறவர்கள் "இதென்ன, கண்ணூறு நாவூறுக்கோ?" என்று கேட்பார்கள். நானும் சிரித்துக்கொண்டு ஓமென்று சொல்லிவிடுவேன். அது யாருடைய காதைக் காப்பாற்ற வந்தது என்று சொல்லத் தொடங்கினால் தேநீர் ஆறிவிடும்.

பாரிசை விட்டு லண்டனுக்கு வந்தபின் நான் ஓரிடத்தில் தங்கியது விம்பிள்டனில்தான். மாடியில் பின்னறை. கீழே வீட்டுக்கார அன்ரியும் அங்கிளும். ஆறு மாதத்துக்கொருமுறை பெட்டி கட்டுகிற என் கால்கள் அந்த வீட்டில் நாலு வருடம் சும்மா கிடந்ததற்குக் காரணம் அன்ரியின் வாய். கோயில் தேருக்கு அன்னதானச் சமையலை நடத்துவது அவர்தான். எத்தனை கிடாரம், எந்தக் கிடாரத்துக்கு எந்த மூடி, யார் கையில் அகப்பையைக் கொடுக்கக்கூடாது, எல்லாம் அவருடைய தலைக்குள் இருந்தன. அங்கிள் அதற்கு நேர்மாறு. ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லோடு பிழைத்துக்கொள்கிற மனிதர்.

அந்த ஆவணியில் அன்ரிக்கு முழங்கால் மாற்றினார்கள். படி ஏறக்கூடாது, கூட்டத்துக்குள் போகக்கூடாது. இருபது வருடத்தில் முதல்முறையாகத் தேருக்குப் போக முடியாது. கட்டிலைக் கீழ்ப் பின்னறைக்கு இறக்கினோம், என் மேசைக்கு நேர் கீழே. "ரீவியிலை லைவ் போடுவாங்கள்" என்று யாரோ ஆறுதல் சொல்ல, அன்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "லைவிலை சாமியைக் காட்டுவாங்கள். சோறு குழைஞ்சதைக் காட்டுவாங்களே?"

அப்போதுதான் அலுமாரிக்குள் இருந்த ஸ்கானர் வெளியே வந்தது. கார் பூட் சந்தையில் அங்கிள் ஆசைப்பட்டு வாங்கிய வானொலிப் பெட்டி அது. பிறர் பேச்சைக் கேட்கும், திருப்பிப் பேசாது. "உம்மை மாதிரி ஒரு சாமான்" என்று அன்ரி அதை அங்கிளுக்கு அறிமுகம் செய்துவைத்ததாகக் கேள்வி. தேரன்று தொண்டர்கள் வோக்கி ரோக்கியில்தான் பேசிக்கொள்வார்கள். அவர்களின் தலைவர் தாமாகவே வந்து எந்தச் சனல் என்று எழுதிக் கொடுத்து, "அன்ரி, கேட்டுக்கொண்டு படுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். கோயில் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். அங்கிளும் ஒரு தொண்டர். இனி என்ன வேண்டும்?

தேருக்கு முதல்நாள் மத்தியானம் பரீட்சை வைத்தோம். அங்கிள் வோக்கி ரோக்கியோடு தெருமுனைக்குப் போய் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்றார். பெட்டிக்குள் கேட்டதெல்லாம் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் விழுந்த மாதிரி ஒரு கிர்ர்ர். அதற்குள்ளே எங்கோ ஒரு "மூ".

வேட்டை தொடங்கியது. நான் மேலே என் அறைக்குப் போக, அங்கிள் திரும்பிவந்து பிரிட்ஜை நிறுத்தினார். ரைஸ் குக்கர், இன்ரர்நெற் பெட்டி, போன் சார்ஜர், கூடத்துச் சாமிப் படத்தைச் சுற்றி ஓடும் கலர் பல்ப் மாலை. கிர்ர் நின்றபாடில்லை. "பிள்ளை, மேலை கொம்பியூட்டர் நிப்பாட்டியாச்சோ?" என்று அன்ரி கூப்பிட்டுக் கேட்டார். "ஓம் அன்ரி!" என்றேன்.

பொய். திரைகளின் வெளிச்சத்தைக் கறுப்பாகக் குறைத்திருந்தேன், அவ்வளவுதான். என் புத்தகத்தின் கடைசிப் பகுதி பதிப்பாளருக்குப் போகவேண்டிய வாரம் அது. வீட்டில் எல்லோரிடமும் நான் மும்முரமாக எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். நிறுத்தினால் வந்துகொண்டிருக்கிற வசனம் அறுந்துவிடும் என்று ஒரு பயம். வசனம் வந்துகொண்டிருந்ததா என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அங்கிள் படிக்குக் கீழே போய் மெயின் சுவிட்சையே அணைத்தார். வீடு மூச்சடங்கியது. ஸ்கானர் பற்றரியில் ஓடியது. பெரிய திரை அணைந்தாலும் என் மடிக்கணினியும் பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது என்பதை மேலே நான் ஒருத்திதான் அறிவேன். கிர்ர். "அப்ப உது பக்கத்து வீடுதான்" என்று தீர்ப்பானது. அந்த வருடத்துக்கான சொற்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு அங்கிள் பக்கத்து வீட்டு ஆங்கிலேயக் கிழவியிடம் போனார். பாவம் அந்த மனுசி, கேக் போட்டியின் கடைசிச் சுற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ரீவியை அணைத்துவிட்டு வேலியடியில் வந்து நின்று "இப்போது?" என்று கேட்டார். கிர்ர். யார் வென்றது என்று அவருக்குத் தெரியாமலே போயிற்று. அந்தப் பாவமும் என் கணக்கில்தான்.

அடுத்தநாள் விடிய அங்கிள் வேட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். தூரத்தில் தவில் கேட்டது. நான் மேலே, குற்ற நெஞ்சோடு திரைக்கு முன்னால். அன்ரி கீழே, கிர்ருக்கு முன்னால். சுவாமி வெளியே வருகிற நேரம் என்று நினைக்கிறேன். நான் பழைய அத்தியாயங்களைத் திறந்து மேலும் கீழுமாக உருட்டிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து அன்ரியின் கைத்தடி என் அறைத் தரையை இடித்தது.

"பிள்ளை! கையை எடும்!"

எடுத்தேன்.

"இப்ப திரும்பவும் செய்யும், என்ன செய்தீரோ அதை!"

உருட்டினேன்.

"கள்ளி!" கீழே ஒரு வெற்றி முழக்கம். நான் படியிறங்கி ஓடினேன். அன்ரி தலையணையில் சாய்ந்து, ஸ்கானரைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என் பக்கங்கள் நகரும்போது கிர்ர் உய்ங்காக மாறுகிறதாம், எழுத்து நிறைந்த பக்கத்துக்கு ஒரு குரல், வெறும் பக்கத்துக்கு இன்னொரு குரல். பிறகு சிரிப்பை நிறுத்தி, என்னை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னார்: "நேற்று முழுக்க அந்த வெறும் பக்கத்தின்ரை ஒரே சத்தம்தான். நீர் ஒரு சொல்லும் எழுதேல்லை, என்ன?"

பதிப்பாளருக்குத் தெரியாதது, நண்பர்களுக்குத் தெரியாதது, எனக்கே நான் ஒப்புக்கொள்ளாதது. மூன்று கிழமையாக வெறும் பக்கம். அதைத் தரையில் இருந்துகொண்டு சொன்னேன். "அதுக்கேன் பிள்ளை அழுறீர்?" என்றார் அன்ரி. "அரிசி வேகாட்டி அடுப்பை நிப்பாட்டிப்போட்டு விறகைப் பாக்கவேணும். போய் அதை அணையும்."

போய் அணைத்தேன். உண்மையாக.

திரும்பி வரும்போது படியிலேயே கேட்டது. துடைத்துவிட்ட கண்ணாடிபோல அந்தப் பெட்டி. அதற்குள்ளே மனிதர்கள். "அண்ணை, இடது பக்கக் கயிறு தொங்குது." "மோர் முடிஞ்சுது, மோர்!" "ஆரோ ஒரு பிள்ளையின்ரை செருப்புக் கிடக்கு, சிவப்பு." அவற்றுக்கு நடுவே, நம்பமாட்டீர்கள், அங்கிள். பத்துச் சொல் மனிதர் படைத்தளபதிபோல முழங்கிக்கொண்டிருந்தார். "வளைவு, வளைவு! மெதுவா! சில்லுக்குக் கட்டையைப் போடு! ஓவர்!" அன்ரி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். "உந்தாள் ஆர் பிள்ளை?" சாம்பாருக்கு உப்புக் காணாது என்று ஒரு குரல் வர, "புளியைக் குறையடா, உப்பைப் போடாதை!" என்று திருப்பிப் பேசாத பெட்டியைப் பிடித்து உலுக்கினார். நாங்கள் இருவரும் கட்டிலில் இருந்தபடியே தேர் இழுத்தோம். வளைவில் அது நின்றபோது அன்ரியின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. நகர்ந்தபோது விட்டது.

மத்தியானம் தவில் உச்சத்துக்குப் போய் ஓய்ந்தது. சனலிலும் அமைதி. பிறகு அங்கிளின் குரல், இந்தமுறை தாழ்ந்து, வீட்டுக் குரலில்.

"தேர் சுத்தி முடிஞ்சு இருப்புக்கு வந்திட்டுது. எல்லாருக்கும் சொல்லுறன்." ஒரு சின்ன இடைவெளி. "முழங்காலுக்கும் சொல்லுறன். வடிவா வந்திட்டுது. ஓவர்."

அன்ரி சேலைத் தலைப்பால் ஸ்கானரைத் துடைத்தார், அதில் தூசி இல்லாவிட்டாலும்.

அடுத்த கிழமை அங்கிள் எங்கோ விசாரித்து இந்தக் கறுப்பு உருண்டையை வாங்கிவந்து என் கம்பியில் மாட்டினார். ஸ்கானரின் ஏரியலை ஜன்னலுக்கு மாற்றினார். கிர்ர் முழுக்கப் போகவில்லை, பேச்சுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. நான் புத்தகத்தை முடித்தேன். அன்ரிக்கு மட்டும் ஒரு குறை. "இப்ப நீர் எழுதுறீரோ, சும்மா இருக்கிறீரோ எண்டு ஒண்டும் விளங்குதில்லை."

பிறகு வழக்கம்போலப் பெட்டி கட்டினேன். இப்போது அப்டன் பார்க்கில், மூன்றாவது கணினி. உருண்டை மட்டும் கம்பிக்குக் கம்பி மாறி வருகிறது. அன்ரியின் முழங்கால் இப்போது என்னுடையதைவிட நல்ல முழங்கால். தேருக்கு வோக்கி ரோக்கி அவர் கையில்தான், அங்கிள் மறுபடி பத்துச் சொல்லுக்குத் திரும்பிவிட்டார்.

இன்று காலை போன் வந்தது. "என்ன பிள்ளை, எழுதுறீரோ?"

"ஓம் அன்ரி."

என் கை தானாகப் போய்க் கம்பியின் உருண்டையைப் பொத்திக்கொண்டது. முன்னே திரையில் வெறும் பக்கம். போனின் மறுமுனையில் அன்ரி, ஸ்கானருக்குக் காது கொடுத்ததுபோல எனக்குக் காது கொடுத்தார்.

"சரி," என்றார் சிரிப்போடு. "அதை நிப்பாட்டிப்போட்டு வாரும். தேருக்கு மரக்கறி வெட்ட ஆள் காணாது."

நிறுத்திவிட்டேன். உண்மையாக. விம்பிள்டன் போகும் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் இருந்துதான் இதை ஒரு பழைய கடித உறையின் முதுகில் பென்சிலால் எழுதுகிறேன். இதற்குச் சத்தமே இல்லை.