முருகையன் வளர்த்த பச்சை

எங்கள் ஊர்க் குளத்தின் மீன் குத்தகையைக் கீழத்தெரு முருகையன் எடுத்தபோது மேலத்தெருவில் நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வருடம் வேறு யாரும் ஏலத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். முருகையனின் அப்பா காலத்தில் கீழத்தெருக்காரர்கள் அந்தக் குளத்தில் கால் நனைக்க முடியாது. மாடு இறங்கலாம். மாட்டை ஓட்டி வந்தவர் கரையில் நிற்க வேண்டும்.

குத்தகைக்காரருக்கு எங்கள் ஊரில் ஒரு கடமை உண்டு. வலை போடும் அன்று முதல் பிடிப்பிலிருந்து வீட்டுக்கு ஒரு மீன் அவரே கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது தண்டச் செலவு. முருகையன் குளத்தை எடுத்ததே அதற்காகத்தான். "மேலத்தெருக்காரங்க பாத்திரத்த ஏந்திக்கிட்டு வந்து என் கையால வாங்கணும்" என்று மனைவி செவ்வந்தியிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு மீன் பெரிதாக இருக்க வேண்டும். சுண்டுவிரல் கெண்டைக்கு யார் பாத்திரம் ஏந்துவார்கள்?

மீன் வளர்ப்புப் பயிற்சியில் அவருக்கு ஒரு கணக்கு சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டால் உள்ளங்கை கண்ணுக்கு மறைய வேண்டும். அந்த அளவு பச்சை இருந்தால் மீனுக்கு இரை இருக்கிறது என்று அர்த்தம். முருகையன் எதையும் ஒரு பிடி கூடுதலாகச் செய்கிறவர். மணிக்கட்டு முங்கும்போதே மறைந்தால் இன்னும் நல்லதுதானே என்று கோழிப்பண்ணை எருவை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினார். சூப்பர் பாஸ்பேட்டைக் கரைத்து ஊற்றினார். நாங்களும் சும்மா இருக்கவில்லை. சம்பா வயலுக்கு டிஏபி உரத்தை வாரி இறைத்து, மிஞ்சியதை மழைத் தண்ணீரோடு வடிகால் வழியாகக் குளத்துக்கே அனுப்பி வைத்தோம். குளம் எல்லாவற்றையும் வஞ்சனையில்லாமல் வாங்கிக்கொண்டது.

வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீர் ஓடிய மாதங்களில் மதகைக் கொஞ்சம் திறந்துவிடச் சொல்லி செவ்வந்தி நச்சரித்தார். புதுத் தண்ணீர் வந்தால் பச்சை வெளுத்துவிடும், மீன் குஞ்சும் ஓடிவிடும் என்று முருகையன் மணல் சாக்கு போட்டு மதகை அடைத்தார். தையோடு ஆற்றில் தண்ணீர் வரத்து நின்றுபோனது. பங்குனி வெயிலில் குளம் பாதியாக வற்றி, அசைவில்லாமல், வெதுவெதுப்பாகக் கிடந்தது. இப்போது விரல் நுனியை விட்டாலே மறைந்தது. பச்சை பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. வந்து பார்த்தவர்களெல்லாம் முருகையனின் கைராசியைப் புகழ்ந்தோம்.

வலை போட நாள் குறித்த பிறகு ஒரு காற்று கிளம்பி, மிதந்த பச்சையை வடகரையில் ஒதுக்கியது. அங்கே தண்ணீர் குடித்த தங்கமணியின் ஆடுகள் வீடு போய்ச் சேரவில்லை. தங்கமணி கீழத்தெருக்காரர், அதனால் மேலத்தெருவில் யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று பேச்சு எழுந்தது. கால்நடை மருத்துவர் மாலதி வந்து தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார். யாரும் விஷம் வைக்கவில்லை, பச்சையேதான் விஷம் என்று பதில் வந்தது. சத்து மிதமிஞ்சி, வெயில் ஏறி, தண்ணீர் ஓடாமல் கிடந்தால் இந்த நீலப்பச்சைப் பாசி மற்றதையெல்லாம் அமுக்கிவிட்டுப் பெருகும் என்று மாலதி விளக்கினார். மீனிலும் விஷம் ஏறியிருக்கலாம், யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்றார்.

கொதிக்க வைத்தால் போகாதா என்று முருகையன் கேட்டார். போகாது. உடனே மதகுக்கு ஓடிச் சாக்குகளைப் பிடுங்கிப் போட்டார். வாய்க்காலில் மணல்தான் கிடந்தது. இனி மேட்டூர் அணை திறந்தால்தான் தண்ணீர்.

மேலத்தெரு இதை நம்பவில்லை. மீன் கொடுக்க மனசில்லாமல் கதை கட்டுகிறார் என்றார்கள். குறித்த நாள் காலையில் நாங்கள் எல்லோரும் பாத்திரத்தோடு கரைக்குப் போனோம். முன்னால் நின்றவர் நாகநாதன், எங்கள் தெருவின் பெரிய பண்ணைக்காரர், கையில் பித்தளைப் போகிணியோடு. நடுக்குளத்தில் கட்லா ஒன்று துள்ளி விழுந்தது. நல்ல பெரிய மீன்.

"வெயில் ஏறுறதுக்குள்ள வலையப் போடுங்க, முருகையன்" என்றார் நாகநாதன். அவர் வாயில் முருகையனுக்கு 'ங்க' வந்தது அன்றுதான்.

முருகையன் அந்தப் போகிணியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வீச்சு வீசினால் போதும். செவ்வந்தி வலையைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றார். நாகநாதன் பொறுமை இழந்து வேட்டியை மடித்துக் கட்டிப் படியில் கால் வைத்தார். அப்போதுதான் முருகையனுக்குக் குரல் வந்தது.

"யாரும் குளத்துல இறங்கக் கூடாது. கரையிலேயே நில்லுங்க."

அந்தக் கரை அந்தப் பேச்சை நிறையக் கேட்டிருக்கிறது. அவருடைய அப்பாவும் அங்கே நின்றுதான் கேட்டார். நாகநாதன் வைத்த காலை எடுத்தார். முருகையன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நாங்கள் பாத்திரங்களோடு கரையிலேயே நின்றோம்.