கையை ஆட்டினால்தான் வெளிச்சம்

உங்களுக்கு யாராவது தினமும் கையாட்டி வணக்கம் சொல்கிறார்களா? எனக்குச் சொன்னார்கள். அதாவது... சொல்கிறார்கள் என்று போன செவ்வாய்க்கிழமை வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அபிராமபுரத்தில் எங்கள் அப்பார்ட்மென்ட் பழசு. அசோசியேஷன் செக்ரட்டரி அடியேன்தான். கரண்டை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று கிளம்பி, மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை பெயின்ட் அடித்தேன். கார் பார்க்கிங்கில் பழைய டியூப்லைட்டுகளைக் கழற்றிவிட்டு மூலைக்கு மூலை சென்சார் விளக்கு — ஆள் அசைந்தால் எரியும், அசைவில்லை என்றால் ஒரு நிமிஷத்தில் அணைந்துவிடும். எந்த விளக்கு எவ்வளவு கரண்ட் தின்கிறது என்று என் போனிலேயே ஆப் கோடு போட்டுக் காட்டும். கல்யாண ஆல்பம் மாதிரி அதைக் கண்டவர்களிடமெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தேன்.

விளக்கு போட்ட அன்றே வாட்ச்மேன் அந்தோணியின் மனைவி ஸ்டெல்லா வந்தார். "சார், எங்க மூலைல கீற லைட்டுக்கு மட்டும் ஒரு சுவிச்சு வெச்சுக் குடுங்க சார்."

"சுவிச்சே கூடாதுன்னுதாம்மா இத்தனை பாடு! எப்ப எரியணும், எப்ப அணையணும்னு அதுக்கே தெரியும். மூளை இருக்கு அதுக்கு!" என்றேன்.

எதற்கு என்று கேட்டேனா? கேட்கவில்லை. அவரும் "சரி சார்" என்று போய்விட்டார்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. தேனாம்பேட்டை டிராஃபிக்கில் நசுங்கி, ஏழு மணிக்கு என் கார் கேட்டுக்குள் நுழையும். மூலையில் அந்தோணியின் மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கும் ஸ்டெல்லா கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவார். விளக்கும் டக்கென்று எரியும். ஆஹா, என் காரைப் பார்த்து விளக்கு, என்னைப் பார்த்து ஸ்டெல்லா! நானும் பதிலுக்குக் கையாட்டுவேன். "சுவிட்ச் தரலைன்னு கொஞ்சமும் கோபம் இல்ல பாரு" என்று மனைவியிடம் பெருமை வேறு.

இப்படியே மூன்று வாரம்.

செவ்வாய்க்கிழமை கார் சர்வீஸுக்குப் போயிருந்தது. ஆட்டோவைத் தெருமுனையிலேயே விட்டு நடந்து வந்தேன். நான் வந்ததை ஸ்டெல்லா கவனிக்கவில்லை. நோட்டின் மேல் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். பேனா பிடித்த கையின் சின்ன அசைவு சென்சாருக்குப் போதவில்லை, விளக்கு அணைந்தது. நிமிராமலே கையைத் தூக்கி ஆட்டினார். எரிந்தது. எழுதினார். மறுபடி அணைந்தது. மறுபடி கை...

கேட்டருகே நின்றிருந்த அந்தோணியிடம், "என்னப்பா எழுதறாங்க?" என்றேன்.

"பத்தாவது பிரைவேட்டா எழுதுது சார். அடுத்த மாசம் பரீட்சை. பாஸாச்சுன்னா சாந்தோம்ல ஒரு ஸ்கூல்ல அட்டெண்டர் வேல தரேன்னு சொல்லிக்கீறாங்க. ரூம்ல கட்டில் போட்டா நிக்கக்கூட எடம் இல்ல, அதான் இங்க குந்திக்கினு படிக்குது." கொஞ்சம் தயங்கினார். "கணக்குதான் சார் பேஜாரு. பாதில லைட்டு பூடுது. எங்க வுட்டோம்னு தெரியாம, திரும்ப மொதல்லேர்ந்து போடுது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"கேட்டுச்சே சார்... சுவிச்சு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடினேனா? "நான் தினமும் கையாட்டினதை... பாத்தாங்களா?" என்றேன்.

அந்தோணி சிரித்துவிட்டார். "பாத்துச்சு சார். 'சாருக்கும் கைய ஆட்னாதான் லைட்டு எரியுது போல, பாவம்'னு சொல்லும்."

பாவமாம்! நான் வெளிச்சத்தைப் பறித்த மூலையில் உட்கார்ந்துகொண்டு, எனக்காக அவர் பரிதாபப்பட்டிருக்கிறார். அன்று லிஃப்ட் கண்ணாடியில் என் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலையிலேயே எலெக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் வைத்துவிட்டுப் போனார். பத்து நிமிஷ வேலை. ஆனால் போன மூன்று வாரத்தை எந்த எலெக்ட்ரீஷியன் திருப்பித் தருவார்? விளக்குக்கு மூளை வைக்கிற அவசரத்தில் நம்முடையதைக் கழற்றி வைத்துவிடுகிறோம். இப்போது ஆப்பில் அந்த ஒரு விளக்கின் கோடு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஏறட்டும்.

நேற்று மாலை என் கார் நுழைந்தபோது ஸ்டெல்லா தலை நிமிரவே இல்லை, கணக்கில் மூழ்கியிருந்தார். நான்தான் பழக்க தோஷத்தில் கையை ஆட்டிவிட்டேன்.