கப்பலுக்கு முன்னால் வந்த பதில்

போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி லேபில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, ஒரு கட்டி நல்லதா கெட்டதா என்று கப்பல்தான் சொல்ல வேண்டும். அறுத்தெடுத்த சதையை பார்மலின் பாட்டிலில் போட்டு மெட்ராஸுக்கு அனுப்புவோம். பதில் இன்னொரு கப்பலில் வரும். “பொறுத்தார் பூமி ஆள்வார்” என்பார் எங்கள் கிளார்க். பொறுத்தவர்களில் பாதிப் பேர் பூமிக்குள்ளேயே போய்விட்டார்கள் என்று நான் எரிந்து விழுவேன். அந்தக் கப்பலைத் திட்டாமல் ஒருநாளும் டீ குடித்ததில்லை.

அப்புறம் ஒரு வங்காளி டாக்டர் வந்தார். வெட்டிய சதையை ஸ்லைடில் லேசாக ஒற்றி, ஸ்பிரிட்டில் நனைத்து, சாயம் ஏற்றி உடனே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். நோயாளி மேஜையில் கிடக்கும்போதே பதில்! கரண்ட்டை நம்ப முடியாது. மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பி வெயிலைப் பிடிப்போம். இந்தப் பெருமையை வீட்டில் சொல்லிச் சொல்லி என் மனைவிக்குக் காது புளித்துப் போயிற்று.

அவளுக்கே சிறுநீரில் ரத்தம் போனது. கிட்னியில் கட்டி. பக்கத்து நெறிக்கட்டிக்குப் பரவாமல் இருந்தால் கிட்னியோடு எடுத்துவிடலாம், பரவியிருந்தால் அப்படியே தைத்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். ஆபரேஷன் அன்று என்னை லீவு போடச் சொன்னார். என் பெண்டாட்டியின் ஸ்லைடை வேறு எவனிடம் விடுவது? மாட்டேன் என்றேன்.

அன்று காலையிலிருந்து மழை மூட்டம். தியேட்டரிலிருந்து நெறிக்கட்டியின் துண்டு கிண்ணத்தில் வந்தது. ஒற்றினேன், சாயம் ஏற்றினேன். ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. டாக்டர் குனிந்து பார்த்தார்.

“ஔர் ஏக் ஸ்லைட் பனாவோ,” என்றார், நிமிராமல்.

இன்னொன்று போட்டுக் கொடுத்தேன். அதையும் பார்த்துவிட்டு, என் தோளைத் தொட்டுவிட்டுத் தியேட்டருக்குப் போனார். நான் குனிந்தேன். கடுகு சிதறியதுபோல் சின்னச் சின்னதாக இருக்க வேண்டிய இடத்தில், பெரிய வெளிறிய செல்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. இவ்வளவு சீக்கிரம் எனக்குத் தெரிந்திருக்கவே வேண்டாம் என்று அங்கேயே அழுதேன்.

மயக்கம் தெளிந்ததும் கேட்டாள், “என்னங்க, ரிசல்ட் வந்துச்சா?”

“மெட்ராஸுக்கு அனுப்பியிருக்கு. கப்பல் வரணும்.”

வாய் தானாகச் சொன்னது. மிச்சத் துண்டு பாட்டிலில் போனதும் உண்மைதான்.

மரைன் ஹில்லில் எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னலிலிருந்து துறைமுகம் தெரியும். கப்பலைத் திட்டிய வாயால், அது வரவே கூடாது என்று வேண்டாத தெய்வமில்லை. கப்பல் வரத்தான் செய்தது. ஒவ்வொரு முறையும், இதில் வரவில்லை என்றேன். அவளும் தலையாட்டினாள். அவள் இளைத்துக்கொண்டே போனாள்.

ஒருநாள் துறைமுகத்தில் சங்கு ஊதியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்களோடு பழகி, அவளுக்குக் கப்பல் எப்போதோ ஜஹாஜ் ஆகியிருந்தது.

“இந்த ஜஹாஜ்லயும் வரலதானே?”

“வரல.”

“ஒத்தி எடுத்தா உடனே தெரிஞ்சிரும்னு நீங்கதானே வாய் ஓயாம சொல்வீங்க?”

கட்டிலோரம் உட்கார்ந்தேன். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“அழாதீங்க. அடுத்த ஜஹாஜ்ல வரும்னே வச்சுக்குவோம்.”