எச்.டி. திரையில் என் வீட்டுக்காரர்

இலங்கை மலைநாட்டில் எல்ல என்ற ஊரில் ஒரு சிறிய ஹோட்டலில் அறை துப்புரவு செய்யும் வேலை எனக்கு. அப்புத்தளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து விடிந்ததும் கிளம்பி, பண்டாரவளையில் பஸ் மாறிப் போய் வருவேன். என் வீட்டுக்காரர் வளைகுடாவில் இருந்தார். கல்யாணமாகி அவர் என்னோடு இருந்த நாட்களைவிட அங்கே இருந்த நாட்களே அதிகம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதே லயத்து வரிசையில் அடுத்த காம்பராவில் அவருடைய தம்பி குடும்பம் இருந்தது. அவர்கள் பேச்சுச் சத்தம் சுவரைத் தாண்டி வரும். அதைக் கேட்டுக்கொண்டே ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பேன்.

அவர் அங்கே இரும்புச் சாரம் கட்டும் வேலை பார்த்தார். ஒரு நாள் போனில் பேசும்போது குரலே வேறு மாதிரி இருந்தது.

"இங்க பெரிய கோல்ஃப் போட்டி நடக்குது புள்ள. உலகம் பூரா டிவில காட்டுறாங்க. கேமரா ஏத்துற மேடை அத்தனையும் எங்க ஆளுங்கதான் கட்டுனோம். ஞாயித்துக்கெழம கடைசி நாளு. கேமராக்காரரு பின்னாடி சாமான் தூக்கிட்டு நடக்க என்னையும் எடுத்திருக்காங்க. ஓரத்துல எங்கயாச்சும் தெரிவேன், பாரு."

தன் வேலையைப் பற்றி அவர் என்னிடம் 'பாரு' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வீடியோவில் பேசும்போதுகூடக் கட்டிலில் சாய்ந்தபடி போனை முகத்தோடு ஒட்டி வைத்துக்கொள்வார். எங்கள் மலையில் சிக்னலும் சரியில்லை. கண்ணும் மூக்கும் கலங்கித் தெரியும், படம் நின்று நின்று வரும். அவர் எப்படி இருக்கிறார் என்பதைக் குரலை வைத்துத்தான் ஊகித்துக்கொள்வேன்.

லயத்து டிவியில் விளையாட்டுச் சேனல் வராது. ஹோட்டல் வரவேற்பறையில் பெரிய எச்.டி. டிவி ஒன்று இருந்தது. ஞாயிறன்று என் வேலை முடிந்ததும் ரிசெப்ஷனில் இருக்கும் பதுளைப் பெண்ணிடம் கேட்டேன்.

"இதுக்கு ஏன்க்கா தயங்குறீங்க? அந்த வெள்ளைக்காரப் பெரியவரும் அதைத்தான் போடச் சொன்னாரு. வந்து உக்காருங்க, மேனேஜர் இன்னைக்கு வரமாட்டாரு."

மழை விடாததால் மலை ஏறப் போகாமல் அந்தப் பெரியவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். நான் கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஹோட்டலுக்கு வந்ததிலிருந்து அந்த நாற்காலியைத் தினமும் துடைத்திருக்கிறேன், உட்கார்ந்தது அன்றுதான்.

படம் அவ்வளவு துல்லியமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பாலைவனத்து நடுவில் வளர்த்த புல் தனித்தனி இதழாகத் தெரிந்தது. ஆட்டக்காரர் கையுறையைக் கழற்றியபோது விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்டரின் ஓரம்கூடத் தெரிந்தது. பந்து எங்கே போகிறது என்று பெரியவர் எனக்குக் கையால் காட்டிக்கொண்டிருந்தார். நான் பந்தைப் பார்க்கவில்லை. களத்தின் ஓரத்தில் கட்டியிருந்த கயிற்றை ஒட்டி நடக்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டக்காரர் ஒரு சரிவில் இறங்கி வந்தார். அவருக்குப் பின்னால் கேமராக்காரர். அவருக்கும் பின்னால், மூன்று கால் தாங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு ஆள். தலையை இடப்பக்கம் சாய்த்து அவர் சுமை தூக்கும் விதத்தை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவேன்.

"அதோ!" என்று எழுந்துவிட்டேன்.

"யாருக்கா?"

"எங்க வீட்டுக்காரர்."

அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் பெரியவர் கை தட்டினார். சமையலறையிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள். அவள் போனை எடுத்து டிவியைப் படம் பிடித்தாள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் சிரித்தபடிதான் நின்றேன், அவர் நடையைக் கவனிக்கும் வரை.

வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். சரிவில் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒரு பக்கம் விழுந்து எழுந்தது. ஆட்டக்காரர் நின்றதும் மற்றவர்கள் சட்டென்று குந்தினார்கள். இவர் மட்டும் தரையில் கையை ஊன்றி, மெதுவாக, ஒரு கிழவரைப் போல உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. குழிக்குள் பந்து விழுந்து கூட்டம் ஆரவாரம் செய்தது. படம் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"ஒங்களுக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கும், இல்லக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா" என்றேன்.

லயத்துக்கு வந்து விளக்கைப் போடும்போதே போன் அடித்தது.

"பாத்தியா? தெரிஞ்சேனா?"

"நல்லா தெரிஞ்சீங்க. ஹோட்டல்ல எல்லாரும் கை தட்டுனாங்க."

அவர் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நாளாகியிருந்தது. அதோடு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை.

"கால்ல என்னங்க?"

அவர் அறையில் யாரோ வேறு பாஷையில் பேசும் சத்தம் கேட்டது.

"அவ்வளவு சுத்தமாவா தெரியுது?" என்றார்.

போன வருஷம் சாரத்திலிருந்து விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பில் அடி. போன் கேமரா கெட்டுப்போச்சு என்று சொல்லி ஒரு மாதத்துக்கும் மேல் குரலில் மட்டும் பேசினாரே, அப்போது ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். லீவு கிடைக்கவில்லை என்று சொன்னதும் அதனால்தான். புதுப் போன் வாங்கச் சொல்லி நான் அப்போது நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

"வந்துருங்க" என்றேன்.

"வந்து? நம்ம லயத்துக்கு எத்தன படி ஏறணும்னு தெரியுமில்ல? தம்பி என்னைய முதுகுல தூக்கிட்டா போவான்?"

விளையாட்டுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த மாதமே பண்டாரவளையில் ஒரு கடைக்குப் பின்னால் அறை பார்த்தேன். ரோட்டிலிருந்து நேராக உள்ளே நடந்துவிடலாம்.

"அவரு வரட்டும், அப்புறமா போங்களேன். இப்பவே தனியா எதுக்குக்கா?" என்றாள் தம்பி பெண்சாதி.

"வர்றதுக்கு ஒரு எடம் இருந்தாத்தான் அவருக்கு மனசு வரும்" என்றேன். அவள் என் பாத்திரங்களைச் சாக்கில் கட்டித் தந்தாள்.

ஒப்பந்தம் முடிந்ததும் வருவதாகச் சொன்னார். அது முடிந்து இன்னொன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டார். உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்களாம், கால் பரவாயில்லையாம். நான் சண்டை போடவில்லை. வேலை முடிந்து வந்து, முன்கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டுப் போகும் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திக்கொள்வேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்காது. வீட்டுக்காரம்மா முதலில் எல்லாம் வாடகை வாங்கும்போது "ஒங்க மாத்தயா எப்ப வாறாரு?" என்று என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்பார். இப்போது கேட்பதில்லை.